மூன்று பல்சக்கரம் சுற்றுமா?



போன வருட ஆண்டு மலர் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்து அட்டையை ஒருமுறை பாருங்கள். (எங்கள் வீட்டில் அது அரிசி டின்னுக்கு மேலே மூடியாக இருக்கிறது. அதனால் எனக்குத் தினமும் தரிசனம்!) மூன்று பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பல் கோர்த்து முக்கோணமாக நிற்கும். ஒன்றில் 'கல்வி', ஒன்றில் 'உழைப்பு', ஒன்றில் 'ஒற்றுமை' என்று எழுதியிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் இத்தனை மெக்கானிக்கல் மாணவர்கள் படிக்கிற கல்லூரியில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. இது சுற்றுமா?

சுற்றாது! கல்வி வலப்புறம் சுற்றினால் அதைத் தொடும் உழைப்பு இடப்புறம்தான் சுற்ற முடியும். உழைப்பைத் தொடும் ஒற்றுமை மறுபடி வலப்புறம். சரி, ஒற்றுமை கல்வியையும் தொட்டுக்கொண்டு நிற்கிறதே! இரண்டும் வலப்புறம் சுற்றினால் தொடுகிற இடத்தில் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும், பல்லும் பல்லும் முட்டிக்கொள்ளும். கல்வியும் உழைப்பும் ஒற்றுமையும் இறுகிப்போய் அப்படியே நிற்கும். மன்றத் தலைவர் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தவறு நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரிட்டனில் 1997ஆம் வருடம் பொறித்த 2 பவுண்டு நாணயத்தில் 19 பல்சக்கரங்களை வட்டமாகக் கோர்த்திருக்கிறார்கள். 19 ஒற்றைப்படை. வட்டமாகக் கோர்த்தால் ஒற்றைப்படை சுற்றவே சுற்றாது. இயந்திரப் புரட்சி நடந்த தேசத்தின் காசிலேயே இந்தக் கதி!

அட்டைப்படம் அசையாது, அதனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இன்று படம் அசைகிறது. கம்பெனியில் புதிதாகச் சேருகிறவருக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்னால் அனிமேஷன் காட்டுகிறார்கள். நமக்கே கியர் பாக்ஸ், டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எல்லாம் பாதி யூடியூப் அனிமேஷனில்தான் புரிந்தது. உண்மையைச் சொல்லுங்கள்! அப்படி அசைகிற படம் தப்பாக அசைந்தால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். என் தாழ்மையான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் அசைவைக் கையால் வைக்கக் கூடாது, விதியாக எழுத வேண்டும். அதை எழுதுவதற்குச் சென்னையிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. டிப்ளமோ படிக்கிற நாமே போதும்.

கம்ப்யூட்டரில் ஒரு பொருளை அசைக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி 'கீ பிரேம்'. ஒன்றாவது படத்தில் இங்கே, இருபத்து நாலாவது படத்தில் அங்கே என்று நாம் இரண்டு நிலைகளை வைக்க வேண்டும். நடுவில் உள்ள படங்களைக் கம்ப்யூட்டர் தானாக நிரப்பிக்கொள்ளும். மனிதன் நடக்க, யானை காதாட்ட, குழந்தை கண் சிமிட்ட, இது அருமையான வழி. கலைஞனின் கை அதில் தெரியும். நான் அதைக் குறை சொல்லவில்லை.

இரண்டாவது வழிக்கு 'புரொசீஜரல்' என்று பெயர். இதில் நிலையைச் சொல்வதில்லை, உறவைச் சொல்கிறோம். "சின்னச் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் பெரிய சக்கரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு, எதிர்த்திசையில் சுற்று" என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. சின்னச் சக்கரத்துக்கு 20 பல், பெரியதற்கு 100 பல் என்றால் அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். நாம் மாற்றுவது ஒரே ஒரு எண்ணை. மீதி எல்லாம் அதிலிருந்து பிறக்கும். பிளெண்டர் என்கிற மென்பொருளில் இந்த உறவுக்கு 'டிரைவர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு மட்டுமில்லை, பல்சக்கரத்துக்கும் டிரைவர் உண்டு!

இரண்டு வழிக்கும் என்ன வித்தியாசம், கண்ணுக்கு ஒன்றாகத்தானே தெரியும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கிணற்று மேட்டில் நிற்கிற ஆயில் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். வசதிக்காகக் கிராங்க் 10 சென்டிமீட்டர், கனெக்டிங் ராட் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கிராங்க் மையத்திலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அடியில் இருக்கும்போது 30. கீ பிரேம் வைக்கிற நண்பர் இந்த இரண்டையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கம்ப்யூட்டர் சமர்த்தாகப் பாதி வழியில் 40 என்று நிரப்பிவிடும்.

ஆனால் கிராங்க் 90 டிகிரியில் நிற்கும்போது பிஸ்டன் உண்மையில் எங்கே இருக்கிறது? பிதாகரஸ் தேற்றம்தான், பத்தாம் வகுப்புக் கணக்கு. 40இன் வர்க்கம் 1600. அதிலிருந்து 10இன் வர்க்கம் 100ஐக் கழித்தால் 1500. வர்க்கமூலம் 38.73. அதாவது பாதிச் சுற்றின் பாதியிலேயே பிஸ்டன் பாதி வழியைத் தாண்டி ஒன்றேகால் சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. நண்பரின் படத்தில் அது 40இல் நிற்க வேண்டுமானால் ராடின் நீளம் 41.23 ஆக வேண்டும். சம்மட்டியால் அடித்தாலும் வளையாத எஃகு ராட், ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் பேண்ட் மாதிரி ஒன்றேகால் சென்டிமீட்டர் இழுபட்டுச் சுருங்குகிறது! பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் இன்ஜினோடு பழகினவர் கண்ணுக்கு 'என்னவோ ஒண்ணு சரியில்ல' என்று பட்டுவிடும்.

இன்னொரு உதாரணம், எனக்கு ரொம்பப் பிடித்தது. என் அம்மா பிறந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி மலை ஏறும். வளைவுகளில் எனக்குச் சின்ன வயதில் வாந்தி வரும். இப்போது கணக்கு வருகிறது! தரையில் வழுக்காமல் உருளுகிற சக்கரத்துக்கு விதி ஒன்றே. போன தூரத்தைச் சுற்றளவால் வகுத்தால் எத்தனை சுற்று என்று வந்துவிடும். அப்படியானால் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது? வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில். இரண்டு சக்கரத்துக்கும் இடையில் 2 மீட்டர், சக்கரத்தின் குறுக்களவு 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழு அரைவட்டம் திரும்பி முடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சரியாக 2 சுற்று அதிகம் சுற்றியிருக்கும். வளைவு பெரிதாக இருந்தாலும் சரி, சின்னதாக இருந்தாலும் சரி, அதே 2 சுற்றுதான். எழுதிப் பாருங்கள், ஆரம் கணக்கிலிருந்து தானாகக் கழிந்து போய்விடும். இதற்காகத்தான் பின் அச்சில் டிஃபரென்ஷியல் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் டிஃபரென்ஷியல் படம் வரைந்தபோது எனக்குப் புரியவில்லை. பஸ்ஸைக் கம்ப்யூட்டரில் மலை ஏற்றியபோது புரிந்தது. நான்கு சக்கரத்துக்கும் கையால் கீ பிரேம் வைத்து ஒரு மலைப்பாதை முழுக்க ஏற்ற யாரால் முடியும்? விதி எழுதிவிட்டால் பாதையை மட்டும் வரைந்து கொடுத்தால் போதும். பஸ் தானாகச் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும்.

விதியை எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒருமுறை மோட்டார் ஒன்றைச் செய்தேன். நேம் பிளேட்டில் இருந்த 1440 ஆர்.பி.எம்.மை அப்படியே கொடுத்தேன். ஓட்டினால் மோட்டார் அசையவே இல்லை! அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நிமிடத்துக்கு 1440 என்றால் நொடிக்கு 24 சுற்று. என் படமும் நொடிக்கு 24 பிரேம். ஒரு பிரேமுக்குச் சரியாக ஒரு முழுச் சுற்று. அதனால் ஒவ்வொரு படத்திலும் புல்லி அதே இடத்தில் வந்து நிற்கிறது. சினிமாவில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தெரியுமே, அதுவும் இந்தக் கணக்குதான். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் உண்டாகும் மங்கலையும் சேர்த்து வரையச் சொன்னால்தான் சுற்றுவது தெரியும். ஒர்க் ஷாப்பில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஓடுகிற லேத் சக் நிற்பது போலத் தெரியலாம், கை வைத்துவிடாதே என்று நமக்குச் சொல்லித் தந்தார்களே, அதற்கு இது சொந்தக்காரன்.

அனிமேஷன் என்றதும் நம் நண்பர்களுக்கு ஞாபகம் வருவது ரஜினி படம். தப்பில்லை. 2010இல் வந்த 'எந்திரன்' கடைசிக் காட்சியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து உருண்டையாக உருளும், பாம்பாக நெளியும், ராட்சத மனிதனாக எழுந்து நிற்கும். அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளுக்காக வி. ஸ்ரீநிவாஸ் மோகனுக்குத் தேசிய விருது கிடைத்தது. அத்தனை பேரையும் உருண்டையின் மேல் ஒருவர் மீது ஒருவர் இடிக்காமல் நிறுத்துவதை ஒவ்வொருவராகக் கையால் தூக்கி வைத்துச் செய்வதென்றால் யோசித்துப் பாருங்கள். 2007இல் வந்த ஆங்கிலப் படம் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்'இல் லாரியாக இருந்து மனிதனாக எழுகிற ஒரே ஒரு ரோபோவுக்கு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உதிரி பாகங்கள். அதையெல்லாம் பார்த்து விசில் அடிக்கிறோம். உள்ளே ஓடுவது நாம் முதல் வருடம் படித்த சைன், காஸ் என்று யோசிப்பதில்லை.

கென் பெர்லின் என்று ஒரு அமெரிக்கர். 1982இல் வந்த 'டிரான்' படத்தில் வேலை செய்தவர். கம்ப்யூட்டர் படம் எல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி ரொம்பச் சுத்தமாக, மெஷின்தனமாக இருக்கிறதே என்று அவருக்கு மனக்குறை. 1983இல் 'நாய்ஸ்' என்று ஒரு கணக்கு முறையைச் செய்தார். ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறும் இல்லாமல், பக்கத்துப் பக்கத்து எண்கள் மெதுவாக மாறுகிற ஒரு முறை. 1997இல் அதற்காக ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கொடுத்தார்கள். எனக்கு அது எதற்குப் பயன்பட்டது தெரியுமா? ஆயில் இன்ஜின் அதிருவதற்கு! சுற்று மட்டும் சரியாக இருந்தால் இன்ஜின் பொம்மை மாதிரி இருக்கும். அடிக்கட்டை கொஞ்சம் ஆட வேண்டும், புகைக் குழாய் நடுங்க வேண்டும், பெல்ட் லேசாகத் துள்ள வேண்டும். பெர்லினின் நாய்ஸை ஒரு சிட்டிகை போட்டேன். எங்கள் ஊர் இன்ஜின் ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய ஆலையில் கரும்பு கன்வேயரில் போகும். ஆனால் கிராமத்து வெல்ல ஆலையில் அப்படி இல்லை. மூன்று ரோலர், ஒரு ஆயில் இன்ஜின், ஒரு பெல்ட். முன்னால் உட்கார்ந்து ஒருவர் கையால் கரும்பைக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் என் அப்பா. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில், ராத்திரி வேலையில், வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஆலை எடுத்துக்கொண்டது. எந்த ஊர், யார் ஆலை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு அப்பா கரும்பு கொடுப்பதில்லை. வேறொரு இடத்தில் கொப்பரை அடுப்புக்குச் சக்கை போடுகிறார்.

இரண்டாம் வருடம் மினி புராஜெக்டுக்கு, கரும்பு ஆலையில் எங்கே கை போகக் கூடாது என்று காட்டும் அனிமேஷன் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். காரணத்தை அப்போது குழுவில் சொல்லவில்லை. நான்கு பேர். படம் வரைவதில் கெட்டிக்காரியான கம்ப்யூட்டர் பிரிவுத் தோழி ஒருத்தி உதவிக்கு வந்தாள். நிறம், நிழல், வழிகிற சாறு எல்லாம் அவள் கைவண்ணம். அவ்வளவு அழகு! போனில் ஏற்றிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். அடுப்படியில் நின்றுகொண்டே பார்த்தார். மறுபடி போடச் சொன்னார்.

"ஏம்மா, இது கரும்பையே உள்ள இழுக்காதே. அப்புறம் கையை எப்படி இழுக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. பார்த்தால், தோழி ஒரு ரோலருக்குக் கீ பிரேம் வைத்துவிட்டு, அதையே காப்பி எடுத்து மற்ற இரண்டுக்கும் போட்டிருக்கிறாள். மூன்று ரோலரும் ஒரே பக்கம் சுற்றுகின்றன. உண்மை ஆலையில் மேல் ரோலர் ஒரு பக்கமும் கீழே உள்ள இரண்டும் அதற்கு எதிர்ப்பக்கமும் சுற்றும். கீழே உள்ள இரண்டும் ஒன்றையொன்று தொடாது. தொட்டால் நம் மலர் அட்டை கதிதான்! மேலும் கீழும் எதிரெதிராகச் சுற்றி உள்நோக்கி இறங்குகிற அந்த வாய்தான் கரும்பைக் கவ்வும். அதுதான் விரலையும் கவ்வும். எங்கள் பாதுகாப்புப் படத்தில் ஆபத்தே இல்லாத ஓர் ஆலையை வரைந்து, அதன் மேல் 'ஆபத்து' என்று சிவப்பில் எழுதியிருந்தோம். கல்லூரியில் அதுவரை பார்த்த அத்தனை பேரும் சூப்பர் என்றுதான் சொன்னார்கள். நானும்தான்.

மறுநாளே முழுவதையும் விதியாக எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். லேப் கம்ப்யூட்டர் பழசு என்பதால் முதலில் 'போவ்-ரே' என்ற இலவச மென்பொருளில் எழுதினேன். 1991இல் வந்தது, மௌஸே வேண்டாம், படத்தை எழுத்தாகவே எழுத வேண்டும். அதில் 'கிளாக்' என்று ஓர் எண் உண்டு. படம் ஓட ஓட அது பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை ஏறும். மேல் ரோலரின் கோணம் கிளாக்கைப் பொறுத்தது. கீழ் ரோலர்கள் இரண்டும் மேல் ரோலரின் கோணத்துக்கு மைனஸ். கரும்பு நகரும் வேகம் ரோலர் விளிம்பின் வேகம். அவ்வளவுதான்! பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வந்த ஆயிரத்தைச் சேர்த்து வைத்து வாங்கிய பழைய லேப்டாப்பில் பிளெண்டருக்கு மாற்றினேன். அதே எண்கள், அதே விதி. பெருமையோடு அப்பாவிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அடுப்பு மேஸ்திரியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"சக்கையைத் துன்னுட்டுக் கரும்பைத் துப்புது பாரு! இப்பிடி ஒரு ஆலை கெடைச்சா நம்ம மொதலாளி உட மாட்டாரு!"

காரணம் பிறகு புரிந்தது. போவ்-ரே இடக்கை முறையில் திசை பார்க்கிறது, பிளெண்டர் வலக்கை முறையில். கட்டை விரலை அச்சுப் பக்கம் நீட்டினால் மற்ற விரல்கள் மடங்கும் பக்கம்தான் சுற்றும் திசை. இந்தக் கைக்கு ஒரு திசை, அந்தக் கைக்கு மறு திசை. அப்பாவுக்கு விளக்கிக் காட்டினேன். அவரும் வலது கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். "எனக்கு ரெண்டு வெரல் மடங்குது, போதுமில்ல?" என்றார். போதும் என்றேன்.

ஆனால் இரண்டு தவறுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். தோழியின் படத்தில் இருந்தது உலகத்தில் இருக்கவே முடியாத ஓர் ஆலை. என் படத்தில் இருந்தது உண்மையான ஆலைதான், பின்பக்கமாக ஓடியது. அவளுடையதைச் சரி செய்ய ஒவ்வொரு ரோலராக, ஒவ்வொரு கரும்பாக, சாற்றின் ஒவ்வொரு சொட்டாகத் திரும்ப வைக்க வேண்டும். என்னுடையதில் முதல் வரியில் ஒரு மைனஸ் குறி போட்டேன். மூன்று ரோலரும், கரும்பும், சக்கையும் ஒரே நொடியில் திரும்பிக்கொண்டன. விதி எழுதினால் தவறே வராது என்று நான் சொல்ல வரவில்லை. தவறு ஒரே இடத்தில் இருக்கும், தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் பிடித்துவிடலாம் என்கிறேன். தோழிக்கும் இதில் வருத்தமில்லை. நிறமும் நிழலும் இன்றும் அவளுடையதுதான், சுற்று மட்டும் என்னுடையது.

இப்போது நண்பர்கள் கேட்பதற்கு வருகிறேன். "முடிச்சிட்டு ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய் ஸ்பானர் பிடிக்கப் போறோம், இதெல்லாம் எதுக்கு?" ஸ்பானர் பிடிக்கிறவருக்குத்தான் மெஷின் எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியும்! தெரியாதவர் வரைந்த படத்தைப் பார்த்து நாளைக்கு நம் தம்பிகள் வேலை பழகப் போகிறார்கள்.

"ஏ.ஐ. வந்துடுச்சே, எழுதிக் குடுத்தா வீடியோவே செஞ்சு தருதே?" நானும் கொடுத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ராஜா மாதிரி ஒரு கரும்பு ஆலை வந்தது. நாலாவது நொடியில் பின் ரோலர் திசை மாறியது, பல்சக்கரத்தில் பல் கூடியது, கரும்பு ரோலருக்குள் போகாமல் ரோலராகவே ஆகிவிட்டது. நாளைக்கு இது திருந்தலாம். நான் கேட்பது வேறு. தவறாக வந்தால் எந்த வரியில் மைனஸ் போடுவது? அதற்குள் கை வைக்க ஒரு வரியும் நம்மிடம் இல்லையே!

"சாஃப்ட்வேருக்குப் பணம்?" பணமே வேண்டாம். பிளெண்டர் ஒரு தனியார் கம்பெனியிடம் முடங்கிக் கிடந்தபோது, 2002இல் டோன் ரூசென்டால் என்ற டச்சுக்காரர் உலகம் முழுக்க இருந்த பயனாளிகளிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டு எல்லோருக்கும் பொதுவாக்கினார். அதே இலவச மென்பொருளில் லாட்வியா என்ற சின்ன நாட்டுக்காரர்கள் செய்த 'ஃப்ளோ' என்ற படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அவர்களிடம் இருந்த மென்பொருள்தான் என் பழைய லேப்டாப்பிலும் இருக்கிறது. என்ன, கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். கேட் பிராக்டிகலில் ஸ்க்ரூ ஜாக், பிளம்மர் பிளாக், காட்டர் ஜாயின்ட் என்று வரைகிறோம். பிரிண்ட் எடுக்கிறோம், ரெக்கார்டில் ஒட்டுகிறோம், மறக்கிறோம். ஒரு ஸ்க்ரூ ஜாக்கைக்கூட நாம் ஏற்றிப் பார்த்ததில்லை. கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் தலை ஒரு பிட்ச் உயரும், இது ஒரு வரி விதி. இதை எழுதிப் பார்க்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முக்கால் மணி நேரம் லேபைத் திறந்து விடச் சொல்லி மன்றம் கேட்க வேண்டும். சாயங்காலம் வேண்டாம். மலையிலிருந்து வருகிற நம் மாணவர்கள் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. அப்புறம் அது டவுன் மாணவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். அப்படியே இந்த வருட மலர் அட்டையில் பல்சக்கரம் போடுவதாக இருந்தால் தயவுசெய்து இரண்டோ நான்கோ போடுங்கள்!

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சரி செய்த படத்தை அப்பா பார்த்தபோது திசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இதை நிறுத்தணும்னா எங்க கை வெக்கணும்?" என்று மட்டும் கேட்டார். நான் வரையவில்லை. ஏனென்றால் நான் பார்த்த ஆலைகளில் அப்படி ஓர் இடம் இல்லை. யாராவது ஓடிப்போய் இன்ஜினை நிறுத்த வேண்டும்.

சீசன் முடிகிற சமயம் அப்பா வேலை செய்கிற இடத்தில் சொல்லி, கரும்பு இல்லாமல் ஒரு தரம் ஓட்டச் சொன்னேன். ரோலரைக் கயிற்றால் சுற்றி அளந்தேன். சுற்றளவு 63 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 12 சுற்று. பார்க்க ரொம்ப மெதுவாகத்தான் தெரியும், கோயில் தேர் மாதிரி. கணக்கு போட்டால் நொடிக்கு 12.6 சென்டிமீட்டர். ஒரு விரல் நீளம் உள்ளே போக என் படத்தில் 14 பிரேம் ஆகிறது. 'ஐயோ' என்று சொல்லி முடிக்க அதைவிட அதிகப் பிரேம் வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு ரோலரில் சாக்பீஸ் கோடு போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ளைவீல் உடனே நிற்குமா? ரோலர் ஒன்றேகால் சுற்று போய்த்தான் நின்றது. இப்போது அந்த விதியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், சுற்றுவதை விட நிற்பதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

ஒன்றேகால் சுற்று என்றால் ஏறக்குறைய 79 சென்டிமீட்டர். டேப்பை எடுத்து என் கையை அளந்து பார்த்தேன். தோளிலிருந்து நடு விரல் நுனி வரை 66.